பெரி ஆப்ரின்

கடிதம் திங்கட்கிழமை வந்தது. செனாயில் விமான நிலையத்தை ஒட்டி ஒரு குளிர்க்கிடங்கு இருக்கிறது. வெளிநாட்டுப் பழங்கள் அங்கேதான் வந்து இறங்கும். அந்தக் கிடங்கில் தரப் பரிசோதகர் வேலை. சம்மதமா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும்.

ஆப்ரின் அதைக் கைப்பேசியில், கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்று படித்தாள். குளிர் அறைக்குள் சிக்னல் வராது. ஒரு தடவை படித்தாள். கம்பளிச் சட்டையின் பொத்தான்களை மாட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். கதவு மூடும்போது ரப்பர் ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

உள்ளே இரண்டு டிகிரி. அன்று காலை வந்த பெட்டிகள் சுவரோரம் இருந்தன. இருபது பெட்டி ஸ்ட்ராபெரி, பதினைந்து புளூபெரி, ஆறு ராஸ்பெரி. ஒவ்வொரு பெட்டியிலும் எட்டு டப்பா.

அவள் ஒவ்வொரு டப்பாவையும் முதலில் கவிழ்ப்பாள். மேலே தெரியும் பழங்கள் பார்வைக்காக அடுக்கியவை. அடியில் மெல்லிய பஞ்சுத்தாள் ஒன்று இருக்கும். அதில் சிவப்பு ஊறியிருந்தால் உள்ளே எங்கோ ஒன்று நசுங்கியிருக்கிறது. நாளை அதில் பூசணம் பிடிக்கும். நாளை மறுநாள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கிலும் பிடிக்கும். ஸ்ட்ராபெரியின் காம்பிலை பச்சையாக, விறைப்பாக இருக்க வேண்டும். காம்பை ஒட்டிய தோள் வரை சிவந்திருக்க வேண்டும். பறித்த பிறகு அது பழுக்காது. வெள்ளைத் தோளோடு வந்தது வெள்ளைத் தோளோடு அழுகும். புளூபெரி மேல் மாவு பூசியதுபோல ஒரு படலம் இருக்கும். துடைக்கக் கூடாது. படலம் இருந்தால் அதிகம் கை படாத பழம். ராஸ்பெரிக்குக் கண் போதாது, மூக்கு வேண்டும். மூடியின் துளைகளில் முகர்ந்தால், புளிப்பு வாடை கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஒரு டப்பாவுக்கு மூன்று விநாடி.

நல்லவை வலது பக்கம். அவை கடைக்குப் போகும். சந்தேகமானவை இடது பக்கம். அவை மாடிக்குப் போகும். மாடியில் மாமியார் மீரா பீவி கெட்ட பாதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கிண்ணத்தில் போட்டு வைப்பார். ஆப்ரின் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம். இந்த மூன்று வருடமும் இங்கே எல்லாரும் பாதிப் பழம்தான் சாப்பிட்டார்கள்.

மாமனார் ருக்னுதீனின் பழக்கடை பத்து பாகாட் என்ற ஊரின் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. கீழே கடை, மேலே வீடு. மாடிப்படி கடைக்குள்தான் இறங்கும். பின்கதவு ஒன்று உண்டு. அதன் முன்னால் எப்போதும் ஆரஞ்சுப் பெட்டிகள் அடுக்கியிருக்கும்.

ஆப்ரின் பாலிடெக்னிக்கில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். படிப்பு முடிந்த மாதமே நிக்காஹ். வேலைக்குப் போகலாம் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார்கள். சீசன் மட்டும் முடியட்டும் என்றார்கள்.

பெரி சீசன். அமெரிக்காவில் கோடை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடியும். முடிந்ததும் அவள் கேட்டாள். அப்போது பெருவிலிருந்து புளூபெரி வர ஆரம்பித்திருந்தது. பெரு முடிவதற்குள் சிலி. சிலிக்குப் பிறகு கொரியாவின் ஸ்ட்ராபெரி. கொரியா ஓயும்போது மறுபடி அமெரிக்கா. உலகத்தில் எங்கேயாவது ஒரு கோடை நடந்துகொண்டே இருந்தது. பத்து பாகாட்டில் வெயிலும் மழையும் மட்டும்தான். கோடை பெட்டியில் வந்தது.

டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டுவது மாமாவின் யோசனை. மற்ற கடைகளில் வாங்குவதைவிட இங்கே வாங்கும் பெரி மூன்று நாள் கூடுதலாகத் தாங்குகிறது என்று போன வருடம் ஒருவர் சொன்னார். அது யார் கை என்று கேட்டார். மாமா ஒரு சீனர் அச்சகத்துக்குப் போய், சிவப்பு வட்டமாக, சுருள் சுருளாக அடித்துக்கொண்டு வந்தார். மலாயில் 'பெரி ஆப்ரின்'. ஆப்ரினின் பெரி என்ற அர்த்தத்தில்.

மாமா வீட்டில் தமிழும் கடையில் மலாயும் பேசுகிறவர். இரண்டையும் வேகமாகப் பேசுகிறவர். மலாயில் பெரி என்றால் இந்தப் பழ வகை. பெரி என்றால் கொடு என்றும்தான். விற்பனைக்கு வைத்த முதல் நாளில்தான் அது தெரிந்தது. ரொஹானா என்று ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை ஒருவர் வெள்ளிதோறும் கடைக்கு வருவார். எல்லாரும் அவரை ஆசிரியர் என்ற பொருளில் சிக்கு என்பார்கள். அவர் டப்பாவை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"ஆப்ரினுக்குக் கொடு என்று போட்டிருக்கிறது," என்றார் மலாயில். "என்ன கொடுக்க?"

மாமா ஒரு கணம் விழித்தார். பிறகு, "பெரி சலாம், சிக்கு," என்றார். சலாம் கொடுங்கள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தவறைத் திருத்தவில்லை. வெள்ளிதோறும் சிக்கு கேட்பார், இன்றைக்கு ஆப்ரினுக்கு என்ன கொடுக்க. மாமா ஏதாவது சொல்வார். சலாம், பூ, புதுச் செருப்பு. மீரா பீவி அதைத் தமிழாகப் படித்தார். "பெரிய ஆப்ரினாம்ல," என்றார். அன்றிலிருந்து சோறு வைக்கும்போதெல்லாம் அதே பேச்சு.

திங்கட்கிழமை பகல் சாப்பாட்டிலும் அதே.

"பெரிய ஆப்ரினுக்கு இன்னுங் கொஞ்சம் மீன் ஆணம் ஊத்தவா?"

"போதும் மாமி." ஆப்ரின் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "மாமா, செனாய்ல வேலை கெடைச்சிருக்கு."

ருக்னுதீன் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அல்ஹம்துலில்லாஹ். நல்ல விஷயம். எப்பலேருந்து?"

"வர்ற திங்கக்கெழம. வெள்ளிக்குள்ள பதில் சொல்லணும்."

"இந்தத் திங்கவா? இப்பதானம்மா ராஸ்பெரி வருது. சீசன் முடியட்டும்."

"எந்த சீசன் மாமா?"

மீரா பீவி சிரித்தார். "கேக்குறா பாருங்க."

"எப்படிப் போவே? எப்படி வருவே?"

"மச்சான் தெனமும் செனாய்க்குத்தான் சரக்கெடுக்கப் போறாங்க. காலையில வேன்லயே போயிருவேன். சாயங்காலம் கம்பெனி பஸ் பாதி வழியில ஆயர் ஈத்தாம் வரைக்கும் வருதாம். பிரவீனா சொன்னா." பிரவீனா அவளோடு படித்தவள். அந்தக் கிடங்கில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள்.

ஆப்ரின் எதிரே உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். சைஃபுல்லா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"வாப்பா சொன்னா சரி," என்றான்.

"பழத்த யாரு பாப்பா?" என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. "வேன் ஓட்ட ஆளு கெடைப்பான். தொடைக்க, கூட்ட ஆளு கெடைப்பான். கை கெடைக்காதும்மா. ஒன் கை வேற."

"சொல்லிக் குடுத்தா வந்துரும் மாமா."

"நான் தடுக்கல. ஒன்ன மாதிரி பாக்குற ஆளு ஒருத்தனக் காட்டு. அன்னிக்கே போ."

அவர் அதை உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். கத்துகிற ஆளாக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம்.

செவ்வாய்க்கிழமை காலை சைஃபுல்லா வேனை நிறுத்திவிட்டு வந்ததும் அவனைக் குளிர் அறைக்குள் கூப்பிட்டாள். அவன் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றான்.

"கபுர்க் குழிக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

"டப்பாவக் கவுத்துங்க."

கவிழ்த்தான். மூடி திறந்து நாலைந்து ஸ்ட்ராபெரி தரையில் உருண்டன.

"மெதுவா."

"நீதான கவுத்தச் சொன்னே."

"மூடிய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு. இப்ப அடியில பாருங்க. என்ன தெரியுது?"

"செவப்பா இருக்கு."

"தாளா, பழமா?"

"எல்லாஞ் செவப்பாத்தான் இருக்கு. செவப்புப் பழம்லா, ஆப்ரின்." உருண்டதில் ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டான். "இது நல்லாருக்கு. வலது பக்கம் வை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். பதினொரு மணிக்கு மாமா வந்து, சைஃபுல்லா வலது பக்கம் வைத்ததில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். தாள் முழுக்கச் சிவப்பு. இன்னொன்றைக் கவிழ்த்தார். அதுவும்.

"பாத்தியாம்மா," என்றார். வருத்தமாகச் சொன்னார். சைஃபுல்லா தலையைச் சொறிந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் மாமாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆயர் ஈத்தாமில் மண்பானைக் கடைகளுக்குப் பக்கத்தில் செல்வா என்பவர் பழக்கடை வைத்திருந்தார். நெடுஞ்சாலையில் போகிற கார்களும் பேருந்துகளும் அங்கே நிற்கும். அவருக்கும் சைஃபுல்லாதான் பெரி கொண்டுபோய்க் கொடுப்பான். வாங்கி வைத்த இரண்டே நாளில் பூசணம் பிடிக்கிறது என்று செல்வா சொன்னார்.

"நாளைக்கி வேன்ல போய் அவனுக்கு எப்படி வைக்கிறதுன்னு சொல்லிக் குடுத்துட்டு வா," என்றார் மாமா.

வியாழக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினார்கள். செனாயில் வெளிச்சம் வந்துவிட்டது. ஆப்ரின் முதல் தடவையாக அந்தக் கிடங்கைப் பார்த்தாள். நீண்ட வெள்ளைச் சுவர். ஒரு ஜன்னல்கூட இல்லை. சைஃபுல்லா சரக்கு ஏற்றப் போனான். பிரவீனா ரோஜா நிறக் கையுறையோடு வெளியே ஓடிவந்து வேன் கதவைத் தட்டினாள்.

"என்ன முடிவு பண்ணே?"

"இன்னும் சொல்லல."

"அலமாக், இன்னுமா? நாளைக்கு ரெண்டு மணி. அப்புறம் வேற ஆளக் கூப்புட்டுருவாங்க." பிறகு சுவரைக் கைகாட்டினாள். "யோசிச்சுக்கோ. இங்கயும் குளிர்லதான் நிக்கணும். டப்பாவத்தான் கவுத்தணும்."

"எத்தன மணிக்கு வெளிய வருவீங்க?"

"அஞ்சரைக்கு."

"தெனமுமா?"

"வேற எப்படி?"

"போதும்," என்றாள் ஆப்ரின்.

ஆயர் ஈத்தாமில் செல்வா அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, நீங்கதான் அந்த ஆப்ரினா? ஒங்க பேர ஒரு நாளைக்கி நூறு வாட்டி சொல்றேன். மூஞ்சிய இன்னிக்கித்தான் பாக்குறேன்."

"எம் பேரா?"

அவர் அடுக்கைக் காட்டினார். ஒவ்வொரு டப்பாவிலும் சிவப்பு வட்டம். பெரி ஆப்ரின். "ஒவ்வொன்னயும் நீங்களே கவுத்திப் பாத்து அனுப்புறீங்கன்னு சொல்லித்தான் விக்கிறேன்."

அந்த டப்பாக்களை அவள் பார்த்ததே இல்லை. செனாயில் ஏறி, இங்கே இறங்கியவை. ஆயர் ஈத்தாமுக்குப் போவது பத்து பாகாட்டின் குளிர் அறைக்கு வருவதே இல்லை.

வந்த வேலையைப் பார்த்தாள். செல்வா பெரியைக் காலையில் கழுவி, பளபளவென்று அடுக்கியிருந்தார்.

"கழுவாதீங்க. திங்கிறவங்க திங்கிறப்பதான் கழுவணும். தண்ணி பட்டா மறுநாளே பூசணம். ஐஸ் பெட்டியிலேருந்து மொத்தமா எடுத்து வெக்கையில வச்சா வேர்க்கும். அந்த வேர்வைதான் கெடுக்குது. கொஞ்சங் கொஞ்சமா எடுங்க. அடியில காஞ்ச பேப்பர் போடுங்க. ஒன்னு கெட்டா அத மட்டும் எடுக்காதீங்க. அத ஒட்டி இருந்ததையும் எடுத்துருங்க."

"நல்லா இருக்கறதயுமா?"

"அது நல்லா இருக்கற மாதிரி இருக்கும்."

செல்வா தலையாட்டிக்கொண்டே பேப்பர் தேடப் போனார். ஆப்ரின் திரும்பினாள். வேனின் பின்கதவு திறந்திருந்தது. சைஃபுல்லா கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு யாருடனோ பந்தாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கைகள் தம் போக்கில் வேலை செய்தன. டப்பாவை எடுத்தான். கட்டை விரலால் மூடியை அமுக்கினான். கவிழ்த்தான். நிமிர்த்தினான். ஸ்டிக்கர். அடுத்தது. கவிழ்த்தான். நிமிர்த்தினான். ஸ்டிக்கர். ஒரு ராஸ்பெரி டப்பாவை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, பேச்சை நிறுத்தாமல், தனியே வைத்தான். ஒரு ஸ்ட்ராபெரியையும் அப்படியே.

அவன் வேனிலிருந்து பெட்டியோடு கடைக்குள் போனதும் அவள் அந்த இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். ஸ்ட்ராபெரியின் தாளில் நகக்கண் அளவுக்கு ஒரு கறை. ராஸ்பெரியில் புளிப்பு வாடை, மிக லேசாக. அவளாக இருந்தாலும் அந்த இரண்டைத்தான் எடுத்திருப்பாள்.

வேன் திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்திருந்தது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் போய்க்கொண்டிருந்தது.

"எப்பலேருந்து?" என்றாள்.

"என்னது?"

"மச்சான்."

அவன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். "ஒரு வருஷமா. செல்வாவுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக் குடுன்னு வாப்பா சொன்னாரு. பாக்காம எப்படி ஒட்டுறது? கெட்டுப்போனா ஒன் பேருதான கெடும். நீ செய்யிறதப் பாத்திருக்கேன்ல. அப்படியே வந்துருச்சு."

"செவ்வாக்கெழம?"

முன்னால் போன லாரியைத் தாண்டினான்.

"எனக்குத் தெரியும்னு வாப்பாவுக்குத் தெரிஞ்சா வேன வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. என்ன உள்ள வச்சிருவாரு. எனக்கு ஒரு நாளைக்கி இந்த நாலு மணி நேரந்தான் ஆப்ரின். ரேடியோ கேக்குறேன். ஆயர் ஈத்தாம்ல ஒரு தே தாரிக் குடிக்கிறேன். யாரும் என்னய எங்க இருக்கேன்னு கேக்க மாட்டாங்க."

"எனக்கு?"

"சீசன் முடியட்டும்," என்றான். சொன்ன பிறகு அது அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். முகத்தைத் தடவிக்கொண்டான்.

பத்து பாகாட் எல்லை வந்ததும், "வாப்பாகிட்ட சொல்லாத," என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சிக்கு ரொஹானா வந்தார். டப்பாவை எடுத்தார். கண்ணாடியை ஏற்றினார்.

"இன்றைக்கு ஆப்ரினுக்கு என்ன கொடுக்க?"

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் ஆப்ரின், "பெரி பெலுவாங், சிக்கு," என்றாள். வாய்ப்புக் கொடுங்கள்.

மாமாதான் முதலில் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். சிக்கு சிரிக்கவில்லை.

"அது யார் கையில் இருக்கிறது?" என்று கேட்டார்.

ஆப்ரின் டப்பாவைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் குளிர் அறைக்குள் போனாள். தனக்கு ஒரு டப்பா எடுக்கப் போனாள். மூன்று விநாடி போதவில்லை. ஆறு பெட்டிகளைப் பிரித்தாள். கடைசியில் ஒரு ஸ்ட்ராபெரி டப்பா. தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. எல்லாப் பழமும் தோள் வரை சிவப்பு. அதை வெளியே கொண்டுவந்து கல்லா மேசையில், மின்விசிறி படாத இடத்தில் வைத்தாள். குளிரில் இருக்கும் பெரிக்கு ருசி கிடையாது. ஒரு மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார்கள். எல்லா வெள்ளியும் போலச் சைஃபுல்லா இரும்புக் கதவை இறக்கினான். வெளியிலிருந்து பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. முன்பொரு தடவை கடையில் திருடு போனதிலிருந்து அப்படித்தான். சாவி ஒன்று அவனிடம், ஒன்று மாமாவிடம். மூன்றாவது சாவி செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. உள்ளே இருட்டாகிவிட்டது. கதவின் அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

ஒன்றரைக்கு மீரா பீவி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் கிண்ணமும் கத்தியும் இருந்தன. வெள்ளிதோறும் கடை பூட்டிய இந்த நேரத்தில் கீழேயே உட்கார்ந்து, மாடிக்கு ஒதுக்கிய பழங்களை வெட்டுவார். விளக்கைப் போட்டார். மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

"இதுல எது கெட்டது?"

"ஒன்னும் கெடல மாமி."

"அப்ப ஏன் இங்க இருக்கு?"

"திங்கிறதுக்கு."

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். ஆப்ரின் பழங்களைக் கழுவி, துணியில் ஒற்றி எடுத்து, அவர் முன்னால் வைத்தாள். மீரா பீவி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே வெட்டுவது என்று தேடுகிறவர்போல இருந்தது. பிறகு முழுதாகக் கடித்தார்.

மென்று முடிக்க நேரமானது.

"வாசம் வருது," என்றார்.

"குளிர் போயிருச்சுல்ல. அதான்."

"முப்பத்தோரு வருஷமா பழக்கடைக்காரரு பொண்டாட்டி," என்றார் மீரா பீவி. இன்னொன்றை எடுத்தார். ஆப்ரினும் எடுத்தாள். முதலில் இனிப்பு, அடியில் ஒரு புளிப்பு, கடைசியில் மூக்குக்குள் ஏறுகிற ஒரு மணம். இத்தனை நாள் ஆயிரக்கணக்கில் தொட்டிருக்கிறாள். இந்த மணம் டப்பாவுக்கு வெளியே வந்ததில்லை.

"பதில் சொல்லிட்டியா?"

"இல்ல."

"மணி?"

"ஒன்னு அம்பது."

மீரா பீவி டப்பாவின் மூடியை எடுத்தார். ஸ்டிக்கரை நகத்தால் தடவினார். "எனக்கு மலாய் வரும். இது பெரிய ஆப்ரின் இல்லன்னு மொத நாளே தெரியும். குடுன்னு போட்டிருக்கு." மூடியைத் திரும்ப வைத்தார். "யாரு குடுக்கப் போறான்னுதான் கிண்டல் பண்ணேன்."

ஆப்ரின் கைப்பேசியை எடுத்தாள். விரலில் சாறு இருந்தது. துடைத்துக்கொண்டாள். ஒரே வரி. சம்மதம், திங்கட்கிழமை வருகிறேன். ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. அனுப்பிய பிறகும் கதவின் அடியில் அதே கோடு வெளிச்சம்தான்.

இரண்டு பத்துக்குப் பூட்டுத் திறந்தது. இரும்புக் கதவு ஏற, முதலில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. மாமா உள்ளே வந்ததும் மேசையைப் பார்த்தார். டப்பாவில் இரண்டு பழம் மிச்சம் இருந்தது. டப்பா முதல் தரம் என்பது தூரத்திலேயே அவருக்குத் தெரிந்தது.

"இது யாருக்குக் குடுத்தது?"

"ஆப்ரினுக்கு," என்றாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"சம்மதம்னு சொல்லிட்டேன் மாமா. திங்கக்கெழம போறேன்."

அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார். திரும்ப விரித்தார். "பழத்த யாரு பாப்பா?" என்றார். அதே கேள்வி. அதே குரல்.

சைஃபுல்லா வாசலிலேயே நின்றான். வேன் சாவி விரலில் தொங்கியது. அவளைப் பார்த்தான். தலையை லேசாக, ஒரே ஒரு தடவை, பக்கவாட்டில் அசைத்தான்.

"மச்சானுக்குத் தெரியும்," என்றாள் ஆப்ரின்.

"அதான் செவ்வாக்கெழம பாத்தேனே."

"கையில ஒரு டப்பாவக் குடுங்க. குடுத்துட்டு வேற எதாவது பேசுங்க."

மாமா அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். சைஃபுல்லா வாங்கிக்கொண்டான்.

"வேன்ல பிரேக் சத்தம் கேக்குதுன்னியே," என்றார் மாமா. "பாத்தியா?"

"பாக்கணும் வாப்பா. முன்னாடி எடது பக்கந்தான். மழையில ஓட்டுறப்ப மட்டும்..."

கட்டை விரல் மூடியின் மேல் போனது. டப்பா கவிழ்ந்தது. நிமிர்ந்தது. அவன் அதை மேசையின் இடது பக்கம் வைத்தான். தெரியாமல் செய்தானா, தெரிந்து செய்தானா என்று ஆப்ரினுக்குத் தெரியவில்லை. வைத்த பிறகு அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். தாளின் ஒரு மூலையில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு. அது காலையில் ஆப்ரின் பார்த்து வலது பக்கம் வைத்த டப்பா.

தெருவில் ஒரு பேருந்து போனது.

"வேன் ஓட்ட ஆளு கெடைப்பான்," என்றார் ருக்னுதீன். உள்ளங்கையை நீட்டினார். சைஃபுல்லா சாவியை அதில் வைத்தான். அவருடைய முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது. வீட்டிலேயே இன்னொரு கை கிடைத்துவிட்டது.

"சனி ஞாயிறு சரக்கு உள்ள கெடக்கு," என்றார்.

ஆப்ரின் ஆணியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் மாட்டிக்கொண்டான். கை முக்கால்தான் எட்டியது. மணிக்கட்டு வெளியே தெரிந்தது.

"பெரிசா ஒன்னு வாங்கணும்," என்றாள்.

மீரா பீவி மிச்சமிருந்த இரண்டு பழத்தில் ஒன்றை எடுத்து மகனிடம் நீட்டினார். அவன் வாங்கி, வாயில் போடாமல், கையிலேயே பிடித்துக்கொண்டு குளிர் அறைக் கதவைத் திறந்தான்.

திங்கட்கிழமை வேனில் அவன் பக்கத்து இருக்கையில் போவதாக நினைத்திருந்தாள். இனி வேனை வேறு ஆள் ஓட்டுவான்; கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஒரு பேருந்து பார்க்க வேண்டும். உள்ளே சிக்னல் வராது, ரேடியோவும் கேட்காது என்று அவனிடம் சொல்ல நினைத்தாள். ரப்பர் ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.